எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது? ஓட்டக்காரர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஓட்டக்காரர்களுக்கு வரும் காயங்களில் தடுக்கி விழுந்து வருபவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கணக்குப் பிழை. தசையும் தசைநாரும் எலும்பும் பழகிக்கொள்ளும் முன்பே சுமையை ஏற்றிவிடுகிறோம். அதனால் வலி வந்ததும் எந்தத் தைலம் தடவலாம் என்று யோசிக்கும் முன், பயிற்சி நோட்டையோ கடிகார ஆப்பையோ திறந்து பின்னோக்கி நான்கு வாரம் பாருங்கள். தூரம், வேகம், ஷூ, தரை, ஓய்வு நாள், தூக்கம் ஆகிய ஆறில் ஒன்றாவது மாறியிருக்கும்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பழைய விதி எல்லோருக்கும் மனப்பாடம். 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்து 2025-இல் வெளியான ஓர் ஆய்வு வேறோர் இடத்தைக் காட்டியது. வார மொத்தத்தைவிட ஒற்றை நாள் தாவலே ஆபத்தாக இருந்தது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரு நாள் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டியவர்களுக்குக் காயம் கூடியது, இரண்டு மடங்கைத் தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகம். வேலை நெருக்கடியில் திங்கள் முதல் சனி வரை ஷூவைத் தொடாமல் இருந்துவிட்டு, ஞாயிறு விடிகாலை குழுவோடு ஈ.சி.ஆரில் 18 கி.மீ. போகும் பழக்கம் கீழே வரும் வலிகளில் பலவற்றுக்குத் தாய்.

## இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்

- தொடையிடுக்கில் ஆழமான வலி, அந்தக் காலில் எடை வைத்தால் கூடுகிறது. தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருக்கலாம். முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சைதான். எம்.ஆர்.ஐ. பார்க்கும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது.
- குதிகாலுக்கு மேலே 'டப்' என்ற சத்தம், யாரோ பின்னாலிருந்து உதைத்தது போன்ற உணர்வு, பிறகு நுனிக்காலில் நிற்க முடியவில்லை. குப்புறப் படுத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைச் சதையை ஒருவரை அழுத்தச் சொல்லுங்கள். பாதம் அசையவில்லை என்றால் தசைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, ஓடாதபோதும் வலிக்கிறது. அதிலும் இரவு முழுக்க பஸ்ஸிலோ விமானத்திலோ வந்த பிறகு. இரத்தக் கட்டியாக இருக்கலாம். இதை உருவிவிடவே கூடாது.
- முட்டி சில மணி நேரத்துக்குள் வீங்கியது, அல்லது மடக்கவும் நீட்டவும் முடியாமல் பூட்டிக்கொண்டது.
- ஓடும்போது நெஞ்சு இறுக்கம், கண் இருட்டல்.
- நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை இது. அன்றே போக வேண்டும்.

## வலிக்கு மதிப்பெண்

0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. ஓடும்போது 2 வரை இருந்தால் தொடரலாம். 3, 4 என்றால் அன்றைய தூரத்தைப் பாதியாக்கி வேகத்தைக் குறையுங்கள். 5-ஐத் தொட்டால் நடந்து வீடு திரும்புங்கள். எண் என்னவாக இருந்தாலும் நொண்டல் வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டாவது மதிப்பெண் மறுநாள் காலையில். நேற்றுக் காலை இருந்ததைவிட இன்று காலை அதிகமாக வலித்தால் நேற்றைய அளவு கூடுதல் என்று அர்த்தம், ஓடும்போது வலியே தெரியாமல் இருந்திருந்தாலும் சரி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தசைநார் வலி சூடேறினால் மறையும். மறைந்ததைக் குணமானதாக எடுத்துக்கொண்டு இன்னும் ஐந்து கி.மீ. சேர்ப்பார்கள்.

இந்த மதிப்பெண் முறை தசைக்கும் தசைநாருக்கும் மூட்டுக்கும் மட்டும். எலும்பு வலியில் 1 கூட அனுமதி இல்லை.

## காலையில் படுக்கையிலிருந்து இறங்கினால் குதிகாலின் அடியில் முள் குத்துவது போல

பிளான்டர் ஃபேசியா, அதாவது குதிகாலிலிருந்து விரல்கள் வரை போகும் தடித்த பட்டை. முதல் பத்து அடி நரகம், பிறகு தணியும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும். எக்ஸ்ரேயில் குதிகாலில் முள் போல எலும்பு வளர்ந்திருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. அதை வெட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

முதல் வேலை, வீட்டுக்குள் செருப்பு. டைல்ஸ், கிரானைட் தரையில் நாள் முழுக்க வெறுங்காலுடன் நடந்துவிட்டு, காலையில் ஓடும் ஒரு மணி நேரத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்குள் மட்டும் என்று ஒதுக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், முதல் அடியே அதில்தான்.

எழும் முன் கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற முழங்காலின் மேல் போட்டு, விரல்களைக் கையால் கணைக்காலை நோக்கி வளையுங்கள். உள்ளங்காலில் பட்டை கம்பி போல விறைப்பது மற்ற கையின் கட்டைவிரலுக்குத் தெரியும். 10 விநாடி, 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை.

நிரந்தரமாகச் சரிசெய்வது குதி தூக்கும் பயிற்சி. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன் மேல் நிமிர்ந்து நிற்கும்படி ஒற்றைக் காலில் நில்லுங்கள். 3 விநாடியில் ஏறி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், 12 முறை வீதம் 3 சுற்று. இரண்டு வாரத்துக்குப் பிறகு முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டு 10 முறை, 4 சுற்று. நான்காவது வாரத்திலிருந்து எடையை இன்னும் கூட்டி 8 முறை, 5 சுற்று. மூன்று மாதம் ஆகும். மூன்றாவது வாரத்தில் "ஒன்றும் தெரியவில்லையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறார்கள்.

## குதிகாலுக்கு மேலே, பின்பக்கத் தசைநாரில் விறைப்பு

அக்கிலீஸ் தசைநார். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இது தாங்குவது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு. 70 கிலோ ஆள் என்றால் அரை டன்னுக்குப் பக்கம். முழு ஓய்வு கொடுத்தால் வலி போகும், கூடவே தாங்கும் திறனும் போகும். ஆறு வாரம் கழித்து முதல் ஓட்டத்திலேயே திரும்பி வரும். ஓய்வெடுத்தே குணப்படுத்தப் பார்க்கிறவர்கள் இதே வட்டத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றுவார்கள்.

முதலில் இடத்தைக் குறியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு தசைநாரைப் பக்கவாட்டில் கிள்ளிக்கொண்டே குதிகால் எலும்பிலிருந்து மேலே போங்கள். எலும்பில் சேரும் இடத்துக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்து, மொச்சைக் கொட்டை போலத் தடிப்பு இருந்தால் அது நடுப்பகுதிக் கோளாறு. எலும்போடு ஒட்டுமிடத்தில் வலித்தால் அது ஒட்டுக் கோளாறு. இரண்டுக்கும் சிகிச்சையில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு.

நடுப்பகுதி என்றால் படிக்கட்டு விளிம்பில் நுனிக்காலில் நின்று, குதியைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை 3 சுற்று, லேசாக மடக்கி 15 முறை 3 சுற்று. சுவீடன் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட மூலத் திட்டம் இதை நாளுக்கு இரு வேளை, வாரம் ஏழு நாளும், 12 வாரம் செய்யச் சொன்னது. கணக்கிட்டால் ஒரு காலுக்கு நாளுக்கு 180. அதற்கு நேரமில்லாதவர்கள் வாரம் மூன்று நாள் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் பலன் ஏறத்தாழ அதுவே என்று பின்னால் தெரிந்தது. அரிசிப் பை இங்கேயும் உதவும்.

ஒட்டுமிடத்தில் வலி என்றால் குதியைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. இறக்கும்போது தசைநார் எலும்பில் நசுங்கும், வலி கூடும். சமதரையில் நின்றே ஏறி இறங்குங்கள். கெண்டைக்கால் ஸ்ட்ரெச்சையும் நிறுத்துங்கள். ஷூவுக்குள் குதிக்கு அடியில் 1 செ.மீ. உயர்த்தும் அட்டை தற்காலிகமாக உதவும்.

ஓட்டத்தில் மாற்ற வேண்டியவை: மணலில் ஓடுவதும் மேம்பாலம் ஏறுவதும் இன்டர்வலும் (வேகமும் மெதுவும் மாற்றி மாற்றி ஓடுவது) சில வாரம் வேண்டாம். கனமான ஓட்டத்துக்குப் பின் முதல் ஒரு நாளுக்கும் மேலாகத் தசைநாரில் கட்டுவதைவிடச் சிதைவதே கூடுதல். ஆகையால் இரண்டு வேக ஓட்டங்களுக்கு நடுவே 48 மணி நேரம் விடுங்கள். மெரினாவின் மெத்து மணலில் ஓடினால் காலுக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் முட்டியை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். குதி புதையப் புதையத் தசைநாருக்கு அது இரட்டை வேலை.

இன்னொன்றும் கேளுங்கள். சமீபத்தில் சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிட்டீர்களா? இந்தக் குடும்ப மருந்துகள் தசைநாரைப் பலவீனப்படுத்தக்கூடியவை. சாப்பிடும்போதே வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லி மாற்று கேளுங்கள். தசைநாருக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள். வலி மறையும், அறுந்துபோகும் அபாயம் கூடும்.

## கணைக்காலின் உட்புற ஓரத்தில் வலி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சாதாரண ஷின் ஸ்பிளின்ட்டும் (கணைக்கால் எலும்பின் விளிம்பில் வரும் எரிச்சல்) எலும்பு விரிசலும் ஒரே இடத்தில்தான் வலிக்கும். ஒன்றில் ஓட்டத்தைக் குறைத்தால் போதும், மற்றதில் நிறுத்தியே ஆக வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து வலிக்கும் கணுக்காலை மற்ற தொடையின் மேல் வையுங்கள். கணுவின் உள்மொட்டுக்கு நான்கு விரல் மேலே, எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை அழுத்துங்கள். ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக மேலே நகர்த்துங்கள். வலிக்கும் இடங்களைப் பேனாவால் குறியுங்கள். 5 செ.மீ.க்கு மேல் நீளமாக, எங்கு தொட்டாலும் மழுங்கலாக வலித்தால் ஷின் ஸ்பிளின்ட். ஓரிடத்தில் மட்டும், விரல் நுனி அளவில் "ஆ" என்று துள்ள வைத்தால் விரிசலைச் சந்தேகியுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். ஷின் ஸ்பிளின்ட் தொடக்கத்தில் வலித்து, ஓட ஓடச் சற்றுத் தணியும். விரிசல் ஓட ஓடக் கூடும், பிறகு நடக்கும்போதும் வலிக்கும், பிறகு இரவில் படுத்தாலும் விண்விண் என்று தெறிக்கும். எலும்பின் உள்விளிம்பில் இல்லாமல் முன்முகட்டின் நடுவில் குறிப்பான வலி என்றால் தாமதிக்காதீர்கள். அங்கே வரும் விரிசல் லேசில் ஆறாது.

விரிசலுக்கு எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதை நம்பி ஓடக் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிக்கொள்வது இந்த வலிக்குச் செய்யக்கூடியதிலேயே மோசமான காரியம்.

ஏன் வருகிறது? எலும்பு உயிருள்ள கட்டடம். புதுச் சுமை வந்ததும் முதலில் பழைய இடத்தைச் சுரண்டி எடுக்கிறது, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. சுரண்டுவது சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டி முடிக்க மாதக்கணக்கு. நடுவில் எலும்பு தற்காலிகமாக மெலிந்து நிற்கும். புதுத் திட்டம் தொடங்கி மூச்சு பழகி, "இப்போதுதான் நன்றாக ஓடுகிறேன்" என்று வேகத்தைக் கூட்டும் ஐந்தாறாவது வாரத்தில் பலருக்கு விரிசல் வருவது இதனால்தான். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கு அக்டோபர் கடைசியில் தொடங்கினால் அந்த மெலிந்த காலம் சரியாக மிக நீண்ட ஓட்டங்களின் மேல் வந்து விழும்.

ஷின் ஸ்பிளின்ட்டுக்கு: இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், சமதரையில், மெதுவாக. கேடன்ஸை, அதாவது நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் (கீழே முட்டிப் பகுதியில் அளவு இருக்கிறது). முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தொடைமேல் 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக் குதி தூக்குவது 15 முறை 3 சுற்று. கெண்டையின் அடித்தசை வலுத்தால் எலும்பு வளைவது குறையும்.

விரிசலுக்கு: குறைந்த ஆபத்துள்ள இடம் என்றால் 6 முதல் 8 வாரம் ஓட்டம் இல்லை. நடக்கும்போதும் அழுத்தும்போதும் ஒரு வாரமாவது வலியே இல்லாமல் இருந்த பிறகுதான் திரும்பும் திட்டம். அதுவரை நீச்சல், அல்லது வலிக்காவிட்டால் சைக்கிள்.

விரிசல் இரண்டாவது தடவையாக வந்தால் பயிற்சி நோட்டை மட்டும் பார்ப்பது போதாது, சாப்பாட்டுத் தட்டையும் பார்க்க வேண்டும். செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு முதலில் எலும்பிலும் ஹார்மோனிலும்தான் கைவைக்கும். பெண்களுக்கு மூன்று மாதம் மாதவிடாய் நின்றிருந்தால் அது "நன்றாகப் பயிற்சி செய்கிறேன்" என்பதன் அடையாளம் இல்லை, எச்சரிக்கை. வைட்டமின் டி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விடிவதற்கு முன் ஓடிவிட்டு நாள் முழுக்க ஏ.சி. அறையில் இருப்பவர்களுக்கு வெயில் நாட்டிலும் இது குறையும். 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது. காலையில் கூழோ அடையோ, மலிவான மருந்து.

பாதத்தின் மேற்பரப்பில், கணுவுக்கு முன்னால் ஒரு ரூபாய் நாணய அளவில் வலித்தாலும் இதே எச்சரிக்கை. அங்கிருக்கும் நாவிக்குலர் எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆறுவது தாமதம். கார்பன் தட்டு ஷூவுக்கு (அடிப்பாகத்துக்குள் விறைப்பான தகடு வைத்த வேக ஷூ) திடீரென்று மாறியவர்கள் இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு வேக ஓட்டத்துக்கு மட்டும் என்று தொடங்குவது நல்லது.

## முட்டிச்சில்லைச் சுற்றி வலி, படி இறங்கினால் அதிகம்

சினிமா தியேட்டரில் மூன்று மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் வலிக்கிறதா? படி ஏறுவதைவிட இறங்குவது கஷ்டமா? ஓட்டக்காரர் முட்டி என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே அழுத்தம் தாங்கும் அளவை மீறியது, அவ்வளவுதான். தேய்மானம் அல்ல.

"ஓடினா முட்டி தேஞ்சிடும்" என்று சொல்லும் மாமாவுக்குப் பதில்: 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம். தொழில்முறைப் போட்டி ஓட்டக்காரர்களில் 13.3 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நியாயமாக இருக்காது.

உடனே பலன் தருவது கேடன்ஸ். 30 விநாடியில் வலது கால் எத்தனை தடவை தரையைத் தொடுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 40 என்றால் நிமிடத்துக்கு 160 அடி. அதில் 5 சதவீதம் கூட்டினால் 168, அதாவது 30 விநாடிக்கு வலது கால் 42. வேகத்தைக் கூட்டாமல் அடியைச் சுருக்குவதுதான் விஷயம். கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழாது, முட்டி வாங்கும் அடி குறையும். செல்போன் மெட்ரோனோமை (தாளம் தட்டும் ஆப்) 168-க்கு வைத்து, 1 நிமிடம் ஓசையோடு, 1 நிமிடம் ஓசை இல்லாமல் என்று மாற்றி மாற்றி 10 நிமிடம் பழகுங்கள். முதல் வாரம் பொம்மை ஓடுவது போல இருக்கும். எல்லோருக்கும் 180 என்ற மந்திர எண்ணை விட்டுவிடுங்கள், உங்கள் எண்ணிலிருந்து 5 முதல் 10 சதவீதம் போதும்.

வாரம் மூன்று நாள்: 15 செ.மீ. படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கி மற்ற குதி தரையைத் தொட்டு ஏறுவது, 10 முறை 3 சுற்று. கண்ணாடி முன் செய்யுங்கள், முட்டி உள்பக்கம் சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது 15 முறை 3 சுற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 15 முறை 3 சுற்று, பழகியதும் ஒற்றைக் காலில்.

## முட்டியின் வெளிப்பக்கம், சரியாக ஒவ்வொரு முறையும் அதே கிலோமீட்டரில்

நான்காவது கி.மீ. வரை ஒன்றுமில்லை, அதன் பிறகு கத்தி. நிறுத்தி நடந்தால் போய்விடுகிறது. ஐ.டி. பேண்ட், அதாவது இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முட்டிக்குக் கீழே வரை போகும் பட்டை. முட்டி ஏறக்குறைய 30 டிகிரி மடங்கும்போது பட்டை அடியிலிருக்கும் கொழுப்புத் திசுவை நசுக்குகிறது. மெதுவான ஓட்டத்திலும் இறக்கத்திலும் கால் அந்தக் கோணத்தில் அதிக நேரம் நிற்கும். அதனால்தான் சற்று வேகமாக ஓடினால் வலி குறைவது போலத் தோன்றும்.

சாலையைச் சந்தேகியுங்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓடுவது பாதுகாப்புக்குச் சரி, ஆனால் நம்மூரில் அப்படி ஓடினால் எப்போதும் சாலையின் வலது ஓரம். சாலை நடுவில் மேடு, ஓரம் தாழ்வு. வலது கால் தினமும் பள்ளத்தில் விழுகிறது. வலி அந்தக் காலில் என்றால் மைதானத்துக்கோ பூங்காவுக்கோ மாறி, சுற்றும் திசையையும் நாளுக்கு நாள் மாற்றுங்கள்.

வலி 4 கி.மீ.யில் வருகிறது என்றால் 3 கி.மீ.யில் நிறுத்துங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். வலியைக் கிளப்பாமல் ஒரு வாரம் போனால் அரை கி.மீ. சேர்க்கலாம். ஓடும்போது பாதங்கள் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று பாருங்கள். தரையில் ஒரு கோட்டைக் கற்பனை செய்து இரண்டு கால்களும் அதன் இருபுறம் விழுமாறு ஓடுங்கள். இடுப்பின் பக்கத் தசைக்கு மேலே சொன்ன கால் தூக்குதலோடு சைடு பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது) 30 விநாடி 3 சுற்று. ஃபோம் ரோலர் என்ற நுரை உருளையில் உருண்டு பட்டையை நீட்டிவிடலாம் என்பது வீண் ஆசை. அது டயர் ரப்பரைவிட முரடு. வலிக்கும் இடத்தின் மேலேயே உருள்வது எரிச்சலைத்தான் கூட்டும்.

## கெண்டைச் சதையில் கல்லால் அடித்தது போல

தசைக் கிழிசல், பெரும்பாலும் 40-ஐத் தாண்டியவர்களுக்கு. முதலில் மேலே சொன்ன அழுத்திப் பார்க்கும் சோதனையையும் இரத்தக் கட்டி அறிகுறிகளையும் பார்த்து விலக்குங்கள். முதல் இரண்டு நாள் சூடு, மசாஜ், மது மூன்றும் வேண்டாம். கிரேப் கட்டு, குதிக்கு அடியில் உயரம், வலிக்காத அளவுக்கு நடை. மூன்றாம் நாளிலிருந்து இரு காலிலும் குதி தூக்குதல். 30 நிமிடம் வேகநடை வலியின்றி முடிந்து, ஒற்றைக் காலில் 20 முறை குதி தூக்க முடிந்தால் மெதுவோட்டம். இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும்.

## உட்காரும் எலும்பில் வலி

பிட்டத்தின் அடியில், பைக் சீட்டிலோ மர நாற்காலியிலோ உட்கார்ந்தால் தெரியும், வேகமாக ஓடினால் கூடும். தொடைப் பின்தசையின் வேர்த் தசைநார். எல்லோரும் செய்யும் தவறு, "இறுக்கமாக இருக்கிறது" என்று குனிந்து காலைத் தொடுவது. நீட்ட நீட்டத் தசைநார் எலும்பில் நசுங்கும். ஸ்ட்ரெச் வேண்டாம். மல்லாந்து படுத்து, குதிகளைச் சற்றுத் தள்ளி ஊன்றி, இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 விநாடி, 5 முறை. சில வாரம் கழித்து ஒற்றைக் காலில் நின்று 5 கிலோ எடையோடு குனிந்து நிமிர்வது. பொறுமை வேண்டும், மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

## சில்லறைத் தொல்லைகள்

நகம் கறுப்பது: ஷூ சிறியது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலி இருக்க வேண்டும். கொப்புளம்: பருத்தி சாக்ஸை விட்டுச் செயற்கை இழைக்கு மாறி, உரசுமிடத்தில் வாஸ்லின். தொடை, அக்குள் உரசலுக்கும் அதுவே. விலாவில் குத்தல்: ஓடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். வந்துவிட்டால் வேகத்தைக் குறைத்து மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். ஷூ பொதுவாக 500 முதல் 800 கி.மீ. தாங்கும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது நல்ல முதலீடு.

## வலி இல்லை, ஆனால் நேரம் குறைய மறுக்கிறது

பெரும்பாலும் காரணம், மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாக ஓடாததுதான். 10 கி.மீ.யை 60 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு மெதுவோட்டம் கிலோமீட்டருக்கு 7:00 முதல் 7:45 நிமிடம். பலர் அன்றாடம் 6:20-இல் ஓடுகிறார்கள். வேகம் கூட்டவும் அது போதாது, ஓய்வாகவும் அது உதவாது. பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்றைய கிரிக்கெட்டை முழு வாக்கியத்தில் பேச முடிய வேண்டும். ஓட்ட நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான் போக வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் கடிகாரம் காட்டும் பேஸைத் துரத்தாமல் மூச்சைக் கேட்டு ஓடுங்கள்.

வேகத்துக்கு: மெதுவோட்டத்தின் முடிவில் 20 விநாடி விரைவோட்டம் 4 முதல் 6, நடுவில் ஒரு நிமிட நடை. வாரம் ஒரே ஒரு கடின ஓட்டம், உதாரணமாக 5 நிமிடம் கடினம், 2 நிமிடம் மெது, நான்கு முறை. வாரம் இரண்டு நாள் மேலே சொன்ன குதி தூக்குதலும் படி இறங்குதலும் எடையோடு. காயத்துக்குக் கொடுத்த அதே பயிற்சிதான் ஓடும்போது செலவாகும் ஆக்சிஜனையும் குறைக்கிறது. அதனால் வலி போனதும் அதை விட்டுவிடுவது இரட்டை நஷ்டம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கால் ஈயமாகக் கனத்தால் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

பந்தயத்துக்கு முன் டைக்ளோஃபெனாக், ஐபூபுரூஃபென் போட்டுக்கொண்டு ஓடும் வழக்கத்தை விடுங்கள். வியர்த்து நீர் குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், விரிசலின் எச்சரிக்கையையும் அமுக்கிவிடும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பந்தயப் பாதையின் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு கோப்பை என்று ஊற்றினால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஓடி முடித்ததும் எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள்.

## திரும்பி ஓடத் தொடங்குவது

நுழைவுத் தேர்வு: 30 நிமிட வேகநடை, ஒற்றைக் காலில் 20 குதி தூக்குதல், ஒற்றைக் காலில் 10 துள்ளல், மூன்றும் வலியின்றி. எலும்பு விரிசல் என்றால் துள்ளலை மருத்துவர் அனுமதித்த பிறகு மட்டும்.

1. 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை
2. 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை
3. 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை
4. 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 4 முறை
5. 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 2 முறை
6. 20 முதல் 25 நிமிடம் தொடர் ஓட்டம்

ஒவ்வொரு படியையும் இரண்டு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை மதிப்பெண் ஏறினால் ஒரு படி மட்டும் பின்னால் போங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஆறாவது படிக்குப் பிறகு முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அடுத்து நாட்களை, கடைசியாக வேகத்தை. மேம்பாலம், மணல், இன்டர்வல், புது ஷூ ஆகியவற்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றுதான். இரண்டைச் சேர்த்துவிட்டு வலி வந்தால் எது கிளப்பியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.